உருகிய கம்பியும் உறங்கிய மதியும்

மாசி மாதத்து விடியற்காலை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. மணி நாலு இருக்கும். படலையடியில் யாரோ அழைக்கும் குரல் கேட்டு எழுந்து சென்றேன். அயல்வீட்டுக் கமக்காரர் கையில் டோர்ச் விளக்குடன் நின்றார்.

"மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. வண்டி உயிரில்லாமல் கிடக்குது. திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமுமில்லை. ஆறு மணிக்கு முன்னம் சுன்னாகச் சந்தையிலை நிக்காட்டில் கத்தரிக்காய் முழுதும் தேங்கிப் போம்" என்றார்.

அவருடைய வண்டி ஜப்பான் நாட்டிலே செய்யப்பட்ட பழைய டீசல் பிக்கப். அவருடைய மூத்த மகனிலும் அது வயதிற் பெரியது. தோட்டம், சந்தை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை ஆகிய நான்கிற்கும் அக்குடும்பத்தை ஏற்றியிறக்கும் வாகனமும் அதுவே. நான் பல்மானியை எடுத்துக்கொண்டு அவர் பின்னே சென்றேன்.

வீட்டிலும் வெளியிலும் நாம் நாளாந்தம் கையாளும் பொருள்களின் உட்செயலை இப்பகுதியிலே கிழமைதோறும் ஆராய்ந்து வருகின்றோம். இக்கிழமை அப்பிக்கப்பின் கதையைக் கூறலாமென எண்ணுகின்றேன். அதிலே வாசகர்களுக்குப் பயன்படும் செய்தியுமுண்டு; என்னுடைய பிழையுமுண்டு. பிழையை மறைத்துச் செய்தியை மாத்திரம் கூறுதல் நேர்மையாகாது.

முற்காலத்தில் மோட்டார் வண்டியின் எஞ்சினை முன்புறத்தே கைபிடியிட்டுச் சுழற்றியே இயக்கினர். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் சுழற்றியவரின் மணிக்கட்டு முறிவதுமுண்டு. சாள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஆக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளிலே பொருத்தப்பட்ட பின்னரே அவ்விடர் நீங்கத் தொடங்கியது. மெக்கானிக்குமார் ஸ்ராட்டர் என்று கூறுவது இதனையே.

ஸ்ராட்டருக்கு மின் செல்லும் வழிகள் இரண்டு என்பதை முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்று தடித்த வழி. பற்றரியின் நேர் முனையிலிருந்து விரல் மொத்தமான கேபிள் ஒன்று நேரே ஸ்ராட்டருக்குச் செல்லும். எஞ்சினைச் சுழற்றும் வேளையில் இதனூடாக நூறு, இருநூறு அம்பியர் மின்னோட்டம் பாயும். டீசல் எஞ்சினாயின் அதனினும் கூடுதலாகும். மற்றையது மெல்லிய வழி. பற்றரியிலிருந்து புறப்பட்டு, திறப்பு ஆளிக்குச் சென்று, அங்கிருந்து மீண்டு வந்து, ஸ்ராட்டரின் முதுகிலுள்ள வரிச்சுருளை அடைவது. திறப்பைத் திருப்பியதும் மெல்லிய வழியால் வரும் மின் வரிச்சுருளைக் காந்தமாக்கும். அக்காந்தம் உள்ளேயுள்ள செப்புத் தட்டை இழுத்துத் தடித்த வழியைப் பூட்டிவிடும். அரண்மனை வாயிலைத் திறக்கக் காவலனுக்கு ஒரு சொல் போதுமன்றோ? மெல்லிய வழி அச்சொல்லைப் போன்றது; தடித்த வழி அவ்வாயிலைப் போன்றது.

இவ்விரண்டில் மெல்லிய வழிக்கும், விளக்கு, ஹோர்ன் முதலிய ஏனைய யாவற்றுக்கும் மின்னைக் கொண்டுசெல்லும் வயரின் தொடக்கத்திலேதான் உருகியிணைப்பு அமைந்திருக்கும். மெக்கானிக்குமார் பியூசிபிள் லிங்க் என்பர். பழைய ஜப்பானியப் பிக்கப்புகளிலே அது பற்றரியின் நேர் முனைக்கு அண்மையில், சாண் நீளத்துக்கும் குறைந்த ஒரு வயர்த்துண்டாகத் தொங்கும். அமெரிக்கப் போர்ட் பிக்கப்புகள் பலவற்றில் ஸ்ராட்டர் றிலே மட்காட்டின் உட்புறத்திலே பொருத்தப்பட்டிருக்கும். அங்கு உருகியிணைப்புகள் அந்த றிலேயின் பற்றரிப் பக்கத்து ஆணியிலிருந்து புறப்படும். தடித்த கேபிளுக்கு இக்காவல் இல்லை. அத்துணைப் பெரிய மின்னோட்டத்தை இம்மெல்லிய இணைப்பு தாங்காது.

அன்று விடியற்காலை கண்டது இதுவே. பல்மானி பற்றரியில் 12.5 வோல்ற்றுக் காட்டியது. பற்றரியில் குறையில்லை. ஆயின் விளக்கு எரியவில்லை, ஹோர்ன் ஒலிக்கவில்லை, திறப்புக்கு மறுமொழி இல்லை. பற்றரி நல்ல நிலையிலிருக்க வண்டி முழுவதும் இருண்டு கிடப்பின், பற்றரி முனைகளையும் அதன் அருகிலுள்ள உருகியிணைப்பையுமே முதலில் ஐயுறல் வேண்டும். முனைகள் இறுக்கமாயும் துப்புரவாயும் இருந்தன. இணைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அது இறப்பர்போல் நீண்டது. மேலுறை முழுமையாக இருந்தும் உள்ளே செம்பு உருகி அற்றுப்போயிருந்தது. பார்வைக்கு நல்லதாய்த் தோன்றும் இணைப்பும் இவ்வாறு செத்திருக்கக்கூடும். ஆகவே கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. இழுத்துப் பார்த்தல் வேண்டும். அதன் இரு புறத்தும் சோதனை விளக்கைத் தொட்டுப் பார்த்தலும் நன்று. பற்றரிப் பக்கத்தில் எரிந்து மறுபக்கத்தில் எரியாதாயின் ஐயத்துக்கு இடமில்லை.

"அண்ணை, லிங்க் உருகிப் போச்சு. புதிது கடை திறந்தாற்றான் வாங்கலாம்" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். ஏற்றிக் கட்டிய சாக்குகளைப் பார்த்தார். பின்பு கொட்டிலுக்குள் சென்று, தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குப் பூட்டி மிஞ்சிய தடித்த வயர்த்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இன்றைக்கு மட்டும் மாஸ்ரர்" என்றார்.

வகுப்பறையிலே உருகியின் பயனைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருபவன் நான். உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைப் பூட்டலாமா என்று வினாத்தாளிலும் கேட்டிருக்கிறேன். ஆயினும் அன்று அவ்வயரின் முனைகளைச் சீவிக் கொடுத்தவனும் நானே. வண்டி உடனே இயங்கியது. விளக்குகள் பளிச்சென எரிந்தன. அவர் சந்தைக்குப் போனார். நான் தேநீர் குடிக்கப் போனேன். "இன்றைக்கு மட்டும்" என்ற சொல்லை இருவரும் மறந்துவிட்டோம்.

கதையின் மீதியைக் கூறுமுன், ஸ்ராட்டர் இயங்காதபோது வண்டி எழுப்பும் ஒலிகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நோயாளியின் நாடியைப் போல அவை குறையின் இடத்தைக் காட்டிவிடும்.

முழு மௌனமும் முழு இருளுமாயின், பற்றரி, அதன் முனைகள், தலைமை உருகியிணைப்பு என்ற மூன்றையும் நோக்குக. விளக்குகள் நன்றாய் எரிந்தும் திறப்புக்குச் சத்தமில்லையெனின், குறை மெல்லிய வழியிலுள்ளது. திறப்பு ஆளி, றிலே, கிளச்சு மிதியிலோ கியரிலோ உள்ள காப்பு ஆளி, வரிச்சுருளுக்குச் செல்லும் சிறிய வயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்க்கவேண்டும். "டக், டக், டக்" என விரைந்து பலமுறை ஒலித்து விளக்கும் மங்குமாயின், பற்றரி வலுவிழந்தது; அல்லது முனைகளிலே பாசி படர்ந்து மின்னைத் தடுக்கின்றது. ஒரேயொரு "டக்" ஒலி மாத்திரம் எழுந்து எஞ்சின் சுழலாதாயின், சொல் காவலனை எட்டியது, வாயில்தான் திறக்கவில்லை. ஜப்பானிய ஸ்ராட்டர்களிலே வரிச்சுருளினுள் உள்ள செப்புத் தொடுமுனைகள் தேய்ந்து இந்நிலை உண்டாதல் மிகச் சாதாரணம். அவ்விரு சிறு செப்புத் துண்டுகளை மாற்றினாலே போதியதாயிருக்க, முழு ஸ்ராட்டரையும் மாற்றிப் பணத்தை இழந்தோர் பலர்.

பல்மானியைக் கையாளும் முறையிலும் ஒரு நுட்பமுண்டு. கேபிளின் இரு நுனியிலும் வோல்ற்றளவு பார்த்து, "இங்கும் பன்னிரண்டு, அங்கும் பன்னிரண்டு, கேபிள் நல்லது" எனச் சிலர் முடிவு செய்வர். இது பெரும் பிழை. கேபிளின் இழைகளில் ஒன்று மாத்திரம் எஞ்சியிருப்பினும் மின்னோட்டமில்லாத வேளையிற் பல்மானி பன்னிரண்டையே காட்டும். பாரம் ஏறும்போதுதான் வண்டியின் வலிமை தெரியும், கேபிளும் அத்தகையதே. மூட்டொன்றிலே ஓர் ஓமின் இருநூற்றிலொரு பங்கு தடை உண்டாயிற்று என்க. இருநூறு அம்பியர் பாயும்போது அங்கேயே 1 வோல்ற்று வீணாகும். 200 உவாற்று வெப்பமும் பிறக்கும். எனவே சில விநாடி சுழற்றிய பின் மூட்டுகளைக் கையாற் தொட்டுப் பாருங்கள். சுடும் மூட்டே கள்ளன்.

செவ்வையான சோதனை இதுவாகும். எஞ்சின் இயங்கிவிடாதபடி, டீசலாயின் எரிபொருளை நிறுத்தும் வரிச்சுருளின் வயரைக் கழற்றிவிடுக. பல்மானியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் ஈயத்தண்டிலும், மறுமுனையை ஸ்ராட்டரின் தடித்த ஆணியிலும் வைத்து, வேறொருவரைக் கொண்டு திறப்பைத் திருப்புக. அப்போது காட்டும் அளவு 0.5 வோல்ற்றுக்கு மேற்படலாகாது. பின்பு எதிர் ஈயத்தண்டுக்கும் ஸ்ராட்டரின் உடலுக்கும் இடையே அவ்வாறே பார்க்க. அது 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக்குள் இருத்தல் வேண்டும். எதிர் முனையிலிருந்து எஞ்சினுக்கும் பொடிக்கும் செல்லும் கேபிளைப் பலர் கவனிப்பதில்லை. சென்ற மின் திரும்பி வரவும் வழி வேண்டுமென்பதை மறத்தலே அதற்குக் காரணம். சுழற்றும் வேளையில் பற்றரியின் அளவும் 9.6 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கலாகாது. ஓய்வில் 12.6 வோல்ற்று முழு நிறைவையும், 12.2 ஏறத்தாழ அரை நிறைவையும் குறிக்கும். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேற் சுழற்றாது, இடையிடையே ஸ்ராட்டரை ஆறவிடுக.

ஸ்ராட்டரின் இரு ஆணிகளையும் ஸ்குறூ டிறைவராற் தொட்டு எஞ்சினை இயக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. கியர் பூட்டியிருந்தால் வண்டி அக்கணமே பாயும். தொட்டவர் நிற்பதோ சில்லுக்கு அருகில். அவசரத்திலே கியரைப் பாராது இதைச் செய்தல் உயிரோடு விளையாடுதலேயாகும்.

இனிக் கதைக்கு வருவோம்.

அன்றிலிருந்து பதினோராம் நாள். கமக்காரர் தம் இளைய மகனைப் பக்கத்திலே இருத்திக்கொண்டு தோட்டத்திலிருந்து திரும்பினார். ஒழுங்கை குண்டும் குழியுமானது. வண்டி ஒரு குழியில் விழுந்தெழுந்ததும், "அப்பா, ஏதோ மணக்குது" என்றானாம் பையன். மறுகணம் டாஷ்போட்டின் கீழிருந்து கரும்புகை கிளம்பியது. திறப்பைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. எவ்வாறு நிற்கும்? பற்றரியிலிருந்து திறப்பு ஆளி வரையுள்ள வயர், திறப்பை நிறுத்திய பின்னும் உயிருடனேயே இருப்பது. பையனை வெளியே தள்ளிவிட்டு, பொனற்றைத் திறந்து, பற்றரி முனையை வெறுங்கையாற் பிடுங்க முயன்றார். அது அசையவில்லை. அயலிற் சைக்கிள் திருத்துபவர் ஒருவர் ஸ்பானரோடு ஓடிவந்து முனையைக் கழற்றினார். அதற்கிடையே டாஷ்போட்டின் பின்னிருந்த வயர்க்கட்டு முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. கமக்காரரின் உள்ளங்கையிலே கொப்புளங்கள். பையனுக்கு ஒன்றுமில்லை.

அன்று மாலை நானும் வயர் வேலை தெரிந்த ஒருவரும் வண்டியை ஆராய்ந்தோம். எஞ்சின் அறைக்கும் ஆசனப் பகுதிக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரிலே வயர்க்கட்டு நுழையும் துவாரம் ஒன்றுண்டு. அதற்கு இறப்பர் வளையம் காப்பாக இடப்பட்டிருக்கும். பல ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் அவ்வளையம் பொடிந்து உதிர்ந்துவிட்டது. தகட்டின் விளிம்பு, வண்டி குலுங்குந்தோறும் தலைமை வயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கின்றது. ஒருநாள் செம்பு தகட்டைத் தொட்டது. குறுஞ்சுற்று உண்டாயிற்று. உருகியிணைப்பு தன்னை மாய்த்து வண்டியைக் காத்தது. அதுதான் அந்த மாசி மாதத்து விடியலின் முந்திய மாலை நடந்தது. அச்செய்தியை நாம் படித்திருந்தால் அரை மணி நேரத்தேடலில் அறுந்த வயரைக் கண்டிருப்போம். நாமோ செய்தி கொண்டுவந்தவனைப் பழுதென்று கருதி, அவன் இடத்திலே மாளாத ஒருவனை நிறுத்தினோம். மறுமுறை செம்பு தகட்டைத் தொட்டபோது மாள்வதற்கு இணைப்பு இல்லை, வண்டியே எரிந்தது.

உருகியிணைப்பு சாதாரண வயர் அன்று. அது காக்கும் வயரைவிட நான்கு இலக்கம் மெல்லியதாக அமைப்பது அமெரிக்கக் கம்பி அளவுமுறையிலே வழக்கு. அஃதாவது, குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. சங்கிலியில் வேண்டுமென்றே ஒரு கண்ணியை மெலிதாக்கி வைத்தல் போன்றதாகும். அதன் மேலுறையும் தனி வகையானது. உள்ளே செம்பு உருகினும் உறை தீப்பற்றாது, கொப்புளித்து ஊதும். வீட்டு வயரின் உறையோ எரியும். உருகி உடனடியாக அறுவது; உருகியிணைப்போ கணநேர மிகையைப் பொறுத்து, நீடிக்கும் மிகையில் அறுவது. பிற்கால வண்டிகளில் இதுவே சிறு பெட்டி வடிவில் வருகின்றது, தொழில் ஒன்றே.

ஆதலின் இணைப்பு உருகியிருக்கக் கண்டால், முதலிற் கேட்கவேண்டிய கேள்வி "எதைப் பூட்டலாம்?" என்பதன்று, "ஏன் உருகிற்று?" என்பதே. காரணங்கள் பெரும்பாலும் சிலவே. தகட்டு விளிம்பிலோ சூடான புகைக்குழாயிலோ வயர் உரைதல், ஓல்ரனேற்றரின் பின்புறத்துத் தடித்த வயர் கழன்று எஞ்சினைத் தொடுதல், மேலதிக விளக்குகளையும் ஹோர்ன்களையும் அளவின்றிப் பூட்டுதல், வேறு வண்டியிலிருந்து மின் எடுக்கும்போது நேர் முனையையும் எதிர் முனையையும் மாறிக் கொடுத்தல் ஆகியன அவை. கடைசியாகக் கூறியது கண்ணிமைப்பொழுதில் இணைப்பை உருக்கிவிடும்.

காரணத்தைக் கண்டு நீக்கிய பின்னரே புதிய இணைப்பைப் பூட்டுக. வண்டிக்குரிய அதே அளவினதாய், ஏறத்தாழ ஒன்பது அங்குலத்துக்கு மேற்படாததாய், உருகியிணைப்பென்றே விற்கப்படுவதாய் அது இருத்தல் வேண்டும். மூட்டை வெறுமனே முறுக்கிவிடாது, நன்றாக அழுத்திப் பொருத்தி மேலே காவலிடுக. அதனை ஏனைய வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அது உருகும்போது அயலவரைச் சுடாதிருத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவைத்து, எதிர் முனையை முதலிற் கழற்றுக. முடிவில் அதனையே கடைசியாகப் பூட்டுக. இவ்வொழுங்கிற் செய்தால் நேர் முனையில் வேலைசெய்யும் ஸ்பானர் பொடியிற் பட்டாலும் தீப்பொறி எழாது. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருதலால் அருகிலே சிகரெட்டும் ஆகாது.

இன்னுமொன்று. உங்கள் வண்டியின் பற்றரி முனைக்குப் பொருந்தும் ஸ்பானர் எதுவென்று இன்றே பாருங்கள். ஜப்பானிய வண்டிகளிற் பெரும்பாலும் அது 10 மில்லிமீற்றர் ஸ்பானராக இருக்கும். அதிலொன்றை ஆசனத்தின் கீழ் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். புகை கிளம்பிய பின் ஸ்பானர் தேட நேரமிராது. எல்லார்க்கும் சைக்கிள் திருத்துபவர் அருகில் இருக்கமாட்டார்.

பிக்கப்புக்கு வயர்க்கட்டு முழுவதும் புதிதாகப் போடவேண்டியதாயிற்று. மூன்று கிழமை அது கொட்டிலிலே நின்றது. அம்மூன்று கிழமையும் கமக்காரர் கூலி லொறியிலே மரக்கறி அனுப்பினார். இலாபம் கூலிக்கே போயிற்று. செலவிற் பாதியை நான் ஏற்பதாகக் கூறியபோது அவர் இசையவில்லை.

"வயரைக் கொண்டுவந்தது நான்தானே மாஸ்ரர்" என்றார்.

"சீவித் தந்தது நான்தானே அண்ணை" என்றேன்.

புதிய இறப்பர் வளையத்தை என் கையாலேயே பூட்டினேன். கழற்றி எறிந்த அந்தத் தடித்த வயர்த்துண்டை எடுத்துவந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கருக்கும் இல்லை. ஒரு சிறு கொப்புளமும் இல்லை. அடுத்த முறை உருகியைப் பற்றிப் படிப்பிக்கும் வகுப்புக்கு அதனைக் கொண்டுபோவேன்.